வேலப்பன் வீட்டில் தங்கிய மாதா

சேசு மரி சூசை துணை

ராயபுரம்,
26.10.1969

என் கண்ணு ஞானத்துக்கு அம்மா சிலுவையம்மாள் நெஞ்சோடு அணைத்து எழுதுவது. சர்வேசுரன் புண்ணியத்தில் இங்கே அப்பா, அண்ணன் வால்டர், நான் மூவரும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், ராஞ்சியில் நீயும் உன் மடத்துக் கன்னியாஸ்திரிகளும் அதேபோல் இருக்க வேண்டும் என்று தினம் செபமாலையில் பத்து மணியை உனக்கென்றே ஒதுக்கிச் சொல்கிறேன். அப்பா ஹார்பரில் சரக்குத் தூக்குகிற விஞ்சு ஓட்டப் போய் வருகிறார், கண்ணாடி வாங்கிக் கொடுத்தும் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார், கேட்டால் இன்னா, நான் கிழவனா என்று என் மேல் பாய்கிறார். வால்டருக்கு பேசின் பிரிட்ஜ் பவர் ஹவுஸில் வேலை நிரந்தரமாகிவிட்டது, மாதாவுக்கு ஸ்தோத்திரம், இனிமேல் பெண் பார்க்க வேண்டும், அவன்தான் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறான். அங்கே குளிர் தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தாய், நெஞ்சுச் சளி உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு, காலையில் வெந்நீர்தான் குடிக்க வேண்டும்.

மடத்து ஆஸ்பத்திரிக்கு ஜனங்கள் மருந்துக்கு வருகிறார்கள், ஆனால் நம் ஆண்டவரைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை, யாரிடம் போய் என்னவென்று சொல்வேன் அம்மா என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன், சாவகாசமாக உட்கார்ந்து படி, ஏனென்றால் உன் அம்மா ஜெயித்துவிட்டாள்! இப்படிச் சொன்னால் பங்குச்சாமியார் பெருமை பேசாதே என்பார், போகட்டும், மாதா ஜெயித்தாள் என்றே வைத்துக்கொள்.

கோடியில் ஃப்ளோரா வீட்டை ஒட்டின குடித்தனத்துக்கு நீ போன பிறகு வேலப்பன் என்று ஒருவர் பெண்சாதியோடு வந்திருக்கிறார், அவருக்கு கார்ப்பரேஷன் குப்பை லாரியில் வேலை, அவள் பேர் இசக்கியம்மாள். நம் சந்தில் கிறிஸ்து வேதத்துக்கு வெளியே இருப்பது அந்த ஒரு வீடுதான். குப்பை லாரிக்காரர் வீடு என்று யாரும் அந்தப் படி ஏறியதில்லை, குழாயடியிலும் எல்லோரும் பிடித்து முடித்த பிறகுதான் அவள் குடத்தை வைப்பாள். நம் ஃப்ளோரா ஒரு நாள் அவளுக்கு வேதம் சொல்லப் போகிறேன் என்று கிளம்பி, வாசலில் நின்றபடியே மாதா படம் ஒன்றை நீட்டிவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள், வேதம் சொல்கிற லட்சணத்தைப் பார்.

அக்டோபர் மாதம் மாதா சுரூபம் வீடு வீடாகப் போவது உனக்குத் தெரியாததா. வாசலில் வாழை கட்டி விளக்கு ஏற்றியிருக்கிற வீடுதான் அன்றைய வீடு, ஒரு வீட்டில் இறக்கிவிட்டால் மறுநாள் செபமாலை முடிகிறவரை அசைக்கக் கூடாது, பிறகு அந்த வீட்டார்தான் அடுத்த வீட்டுக்குச் சுமந்து போக வேண்டும். போன ஞாயிறு ஃப்ளோராவின் முறை. அவள் இருக்கிறாளே, வாழை கட்டுவதெல்லாம் பழைய மோஸ்தர் என்று வாசல் முழுக்க கலர் பல்பு மாலையாகத் தொங்கவிட்டிருந்தாள். நாங்கள் பாடிக்கொண்டு சந்துக்குள் நுழைகிற நேரம் பார்த்து கரண்ட் போயிற்று. இன்னா வால்டரு, பவர் ஹவுஸ்ல அடுப்ப அணைச்சிட்டு வந்துட்டியா என்று ஆளாளுக்கு அவனைக் கிண்டல். ஃப்ளோரா வீடு கும்மிருட்டு. அன்றைக்கு ஆயுத பூஜை அல்லவா, பக்கத்தில் வேலப்பன் வீட்டு வாசலில் இரண்டு பக்கமும் வாழை, நடுவில் கோலம், அகல் விளக்கு ஜெகஜ்ஜோதியாக எரிகிறது. மாதாவைத் தூக்கி வந்தது உன் அப்பா, கண்ணாடி பையில்! நேரே உள்ளே போய் இறக்கி வைத்துவிட்டார். அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே நாங்களும் பின்னால் நுழைந்துவிட்டோம். நிமிர்ந்து பார்த்தால் மாதாவுக்குப் பக்கத்தில் சந்தனம் குங்குமம் வைத்த மண்வெட்டியும் குப்பைக் கூடையும் இருக்கின்றன.

இசக்கியம்மாள் ஒரு கேள்வி கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து கல்யாணப் புடவையை எடுத்து மாதா காலடியில் விரித்து, வா தாயி, என் வூட்டத் தேடி வந்துட்டியா என்று கும்பிட்டாள். வேலப்பன் பாயை உதறிப் போட்டு, குந்துங்கோ, எல்லாரும் குந்துங்கோ என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். அதற்குள் ஃப்ளோரா ஓடி வந்து, இன்னா அக்கிரமம் இது, குப்பக்காரன் வூட்ல மம்பட்டி பக்கத்துல மாதாவ வச்சிக்கினு, எடுங்க, எடுங்க என்று கூச்சல் போட்டாள். அப்பா திருதிரு என்று விழித்துக்கொண்டு தூக்கக் குனிந்தார். இசக்கியம்மாள் முகம் சுண்டிப்போயிற்று ஞானம். வந்த தாயிய தொரத்தவா போறீங்கோ என்று மெல்லக் கேட்டாள். இப்போது மாதாவை எடுத்துவிட்டால் ஆயுசுக்கும் நம் வேதத்தின் பேச்சு அந்தப் படி ஏறாது என்று எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. எங்கிருந்துதான் அந்த ஆங்காரம் வந்ததோ! கைய எடுய்யா என்று அப்பாவை ஒரு அதட்டு அதட்டிவிட்டு ஃப்ளோராவிடம் திரும்பி, மாட்டுக் கொட்டாயில புள்ள பெத்தவளுக்கு மம்பட்டி பக்கத்துல குந்த இன்னாடி வெக்கம், வச்சா வச்சதுதான், நாளிக்கு செவமால முடியாம மாதா அசைய மாட்டா என்றேன். ஃப்ளோரா முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள், நான் முழங்கால் போட்டுச் செபமாலையை ஆரம்பித்தேன். முடிந்ததும் இசக்கியம்மாள் காப்பி கொடுத்தாள், வாங்கலாமா வேண்டாமா என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், அப்பாதான் முதல் தம்ளரை எடுத்தார்.

மறுநாள் மத்தியானம் மாதாவைத் தனியாக விடக் கூடாதே என்று நான் துணைக்குப் போய் உட்கார்ந்தேன். அவள் சுரூபத்தைக் காட்டி, யக்கா, இந்தம்மா கையில கீற புள்ள யாரு என்று கேட்டாள். ஞானோபதேசம் முழுக்க மனப்பாடமாக ஒப்பித்தவள் நான், எனக்குத் தெரியாததா என்று வாயைத் திறந்தால் அந்தக் கேள்வி பதில் ஒன்றுகூட வரவில்லை, நம் வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் வந்தது. மீன் பிடிக்கிறவர்களைக் கூட்டாளியாகச் சேர்த்தார் என்றதும், அட, நம்ம காசிமேட்டு ஆளுங்கள மாதிரியா என்று சிரித்தாள். குஷ்டரோகியைத் தொட்டுக் குணமாக்கினார் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது, தொட்டாரா, கையாலயா தொட்டாரு என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சிலுவையில் அறைந்ததைச் சொன்னபோது, பாவிங்களா, இன்னா தப்பு பண்ணிச்சி அந்தப் புள்ள என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள், எனக்கும் அழுகை வந்துவிட்டது. குகையில் அடக்கம் செய்து கல்லைப் புரட்டி மூடினார்கள் என்று சொல்லும்போதே செபமாலைக்கு ஜனங்கள் வந்துவிட்டார்கள், நான் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு செபம் சொல்ல எழுந்து போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் பார்த்திருக்க வேண்டும் நீ! வேலப்பன் குளித்து வெள்ளை வேட்டி கட்டி மாதாவை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நடக்கிறார், சந்து முழுவதும் பாடிக்கொண்டு பின்னால் போகிறது. ஃப்ளோரா வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தாள். மாதாவுக்குத் தெளித்தாள், அப்புறம் கை அப்படியே நின்றுவிட்டது. சட்டென்று வேலப்பன் தலையிலும் பன்னீரைத் தெளித்து, உள்ள வாங்கண்ணே, மாதாவ உங்க கையாலயே வையுங்க என்றாள். அவளைப் பற்றி மேலே எழுதியதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

முக்கியமானது இனிமேல்தான். செவ்வாய்க்கிழமை விடியற்காலை குழாயடியில் நிற்கிறேன், எப்போதும் கடைசியில் வருகிற இசக்கியம்மாள் வரிசையைப் பிளந்துகொண்டு நேரே என்னிடம் வந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. யக்கா, ராவெல்லாம் தூக்கமே இல்ல, அந்தப் புள்ளைய வச்சி கல்லப் போட்டு மூடிட்டாங்களே, அப்பால அந்தத் தாயி இன்னா பண்ணிச்சி, அதுக்கு யாரு சோறு போட்டாங்கோ என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது! பெரிய வெள்ளி போனால் ஈஸ்டர் என்று பிறந்ததிலிருந்து பார்த்தவள் நான், அவளுக்கு அது தெரியாது, அவளைப் பொறுத்தவரை சேசு இன்னும் கல்லறையில்தான் கிடக்கிறார், நான்தான் அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். குடத்தைப் போட்டுவிட்டு அவள் இரண்டு தோளையும் பிடித்து, எழுந்துட்டாருடி, மூணா நாளு உசுரோட எழுந்துட்டாரு என்று கத்தினேன். மெய்யாலுமா, யாரு பாத்தாங்கோ என்றாள். பொம்பளைங்கதான் மொதல்ல பாத்தாங்க என்றேன். சிரித்தாள் பார், அழுகையும் சிரிப்புமாக, யோவ், அந்தப் புள்ள சாவலய்யா, எழுந்துட்டாராம் என்று கூவிக்கொண்டே வீட்டுக்கு ஓடினாள். குழாயடியில் இருந்த நாங்கள் அத்தனை பேரும் ஈஸ்டர் என்று அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டதுபோல நின்றோம்.

கொஞ்ச நேரத்தில் குப்பை லாரி எங்களைத் தாண்டிப் போயிற்று. பின்னால் தொற்றிக்கொண்டு நின்ற வேலப்பன் என்னைப் பார்த்துவிட்டு, யம்மா, எழுந்துட்டாராமே என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார், பக்கத்தில் நின்ற ஆள் யாருப்பா என்று கேட்க, சொல்றேன் வா என்று அவன் தோளில் கையைப் போட்டார். ஞானஸ்நானம் எப்போது என்று ஃப்ளோரா இப்போதே கேட்கிறாள். அது அவர்கள் மனசு, ஆண்டவர் சித்தம், நான் அவசரப்படுத்த மாட்டேன். நீ கன்னியாஸ்திரியாகப் போகிறேன் என்றபோது அவ்வளவு தூரத்தில் என்னடி வேலை என்று கேட்டேனே, அது என்ன வேலை என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது, எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத வரவில்லை. கேட்க ஆளில்லை என்று இனிமேல் எழுதாதே. மருந்துக்கு வருகிறவள் வீட்டுக்கு ஒரு நாள் நீ போ, அவள் கொடுப்பதைக் குடி, அவளே கேட்பாள்.

நல்ல சுகமும் தைரியமும் தந்து சேசு உன்னைக் காப்பாராக, மாதா தன் முந்தானையில் உன்னை முடிந்து வைத்துக்கொள்வாளாக, அப்பாவும் வால்டரும் உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்கள். ஒன்று மட்டும் மறக்காதே. சொல்ல ஆரம்பித்தால் மணி அடித்தாலும் யார் கூப்பிட்டாலும் கல்லறையோடு நிறுத்திவிட்டு எழுந்து போகாதே, பாவம், அவர்களுக்கு ராத்திரி தூக்கம் வராது.

உன்னைப் பெற்ற
சிலுவையம்மாள்