ஓரிக்கைத் திராட்சைப் பந்தலில் கை வைத்தது யார்

காஞ்சிபுரம்
22-12-1969

அன்புள்ள மகன் உமாபதிக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. காமாட்சி தயவில் நானும் அப்பாவும் சௌக்கியம். நீயும் வடக்கே பிலாயில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நினைக்கிறேன், நினைக்கத்தான் முடியும், கம்பளி வாங்கிவிட்டேன் என்று நீ எழுதியதை நான் நம்பவில்லை.

ஓரிக்கை ஆற்றங்கரைத் தோட்டத்தை விற்றுவிடலாம் என்று எழுதியிருந்தாய். அது உன் புத்தியில் உதித்ததா, உன் சித்தப்பா திருஞானசம்பந்தம் ஓதியதா என்று எனக்குச் சந்தேகம். வாங்க ஆள் பார்த்து வைத்திருப்பவர் அவர்தான். நரி வலம் போனால் என்ன, இடம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி. எதற்கும் நம் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று போன வாரம் தனியாக பஸ் ஏறிப் போனேன். நீ திராட்சை வைத்துவிட்டுப் போய் நாலு வருஷம், யாரும் எட்டிப் பார்க்காமல் கொடி மண்டிக் காடாகிக் கிடக்கும், பாம்பு இருக்கும் என்று குச்சியோடு போனால், பாதிப் பந்தலில் பளிச்சென்று வெயில் விழுகிறது. சருகைப் பொறுக்கி, பாத்தி கட்டி, தண்ணீர் விட்டு, யாரோ கை வைத்திருக்கிறார்கள். நான் பாடுபட்ட நிலம், எனக்குத்தான் சொந்தம் என்று பாத்தியதை கேட்க ஆள் கிளம்பும் காலம் இது. சித்தப்பாவாக இருக்குமோ என்று யோசித்தேன், ஆனால் அவர் கீழே விழுந்த தன் துண்டையே குனிந்து எடுக்காதவர். பக்கத்துத் தோட்டத்துத் தர்மன் மேல் சந்தேகம் போயிற்று, அவரும் திராட்சை போட்டிருக்கிறார். நேராகவே கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "நான் கை வெச்சிருந்தா அத்தனையும் கவாத்து பண்ணி மொட்டையாக்கி இருப்பேம்மா, வெட்டினாத்தானே திராட்சை காய்க்கும், இந்த ஆளு ஒரு கொடியக்கூட வெட்டாம ஒண்ணொண்ணா சிக்கு எடுத்துக்கினு இருக்கறாரு, யாருன்னு நிஜமாவே தெரியாதா உனக்கு" என்றார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தேன். பின்னிக் கிடந்த கொடிகளை ஒன்றுகூட ஒடியாமல் பிரித்து, கம்பி மேல், தறிக்குப் பாவு நூல் விரித்த மாதிரி வரிசையாகப் போட்டிருந்தது. இழை அறுந்தால் உயிரே போனதுபோல் பதறுகிற கை எது என்று எனக்குத் தெரியாதா.

உன் அப்பா ஒரு மாதமாக விடியற்காலையில் ஏகாம்பரநாதர் கோயிலுக்கு என்று கிளம்புகிறார். திரும்பி வந்தால் நெற்றியில் விபூதி இருக்காது, காலில் ஆற்று மணல் இருக்கும். சீட்டாடப் போகிறார் என்று நினைத்து அவர் சட்டைப் பையில் எல்லாம் தேடியிருக்கிறேன். நெசவு செய்கிற வீட்டில் திராட்சை எதற்கு என்று உன்னோடு சண்டை போட்டு, நீ கோபித்துக்கொண்டு போன அன்று, இந்தக் கொடிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் என் பேரை மாற்றிக்கொள்கிறேன் என்றவர் அவர்தானே. மறுநாள் முதல் பஸ்ஸில் போய் அவருக்கு முன்னால் பந்தலடியில் உட்கார்ந்துகொண்டேன். என்னைப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தார். பேரை எப்போது மாற்றப் போகிறீர்கள் என்று கேட்டேன். சரி, தர்மன் சொன்னபடி தை மாதத்துக்குள் கவாத்து பண்ணினால்தான் காய்க்குமாம் என்று தர்மனிடமே கத்தி வாங்கி வந்து அப்பாவிடம் நீட்டினேன். ஒரு கொடியைப் பிடித்துக் கத்தியை அதன்மேல் வைத்தார், அப்புறம் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அவன் கையால வெச்சது, நான் எப்டி வெட்டறது, அவனே வந்து வெட்டட்டும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கவாத்துக்காகக் கூப்பிடுகிறாரா, உன்னைப் பார்க்கக் கூப்பிடுகிறாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கவாத்துக்குத்தான் என்பார், நான் நம்ப மாட்டேன். யாரையும் தோட்டம் பார்க்க அழைத்து வர வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். பொங்கலுக்கு லீவு போட்டுக்கொண்டு வா, லீவு கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதாதே. நான் எழுதியது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், நீயாக வந்த மாதிரி வா. ரயிலில் யார் எது கொடுத்தாலும் வாங்கிச் சாப்பிடாதே. நீ வராவிட்டால் காய்க்காமலே போகட்டும், வேறு யாரும் அதை வெட்டக் கூடாது என்கிறார்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
நீலாம்பாள்