அண்டாவில் இருந்தது பிரியாணி அல்ல

திருவொற்றியூர்,
ஞாயிறு காலை.

அன்பு மகன் அறிவுக்கு அம்மா ரமாபாய் எழுதிக்கொள்வது. நான், மருமகள் பவானி, பேத்தி ஷாலு, பெரம்பூரில் உன் தங்கை அம்மு எல்லோரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த தோஹா வெயிலில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று தாமஸ் சொன்னான், கேட்டு வயிறு குளிர்ந்தது. அவன் லீவு முடிந்து வியாழக்கிழமை உங்கள் கேம்ப்புக்குத் திரும்புகிறான், அவன் கையில்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று நினைப்பாய். போன் என்றால் பாதியில் வைத்துவிடுவாய் நைனா, அதனால்தான் கடுதாசி. அஞ்சாங்கிளாஸ் படித்தவளின் கையெழுத்து, கொஞ்சம் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்.

நீ உன் மகளிடம் பேசி இன்றோடு இருபத்தாறு நாள் ஆகிறது. காரணம் இல்லாமல் நீ பேசாமல் இருக்கவில்லை, அது எனக்குத் தெரியும். நாம் சடையங்குப்பத்தில் இருந்தபோது வந்த வெள்ளத்தில், படகில் வந்த ஒருவர் எடுத்துக் கொடுத்த போட்டோ, ஒன்பது வயதில் நீ மார்பளவு தண்ணீரில் நம் பெரிய அண்டாவின் காதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாயே, அதை ஷாலு சுவரிலிருந்து கழற்றி செல்லில் படம் பிடித்து, ஏஐ என்கிறார்களே அதனிடம் கொடுத்து ஓடுகிற படமாக ஆக்கினாள். அசையாத போட்டோவைக் கொடுத்து இன்னது நடக்க வேண்டும் என்று எழுதினால் அது எட்டு விநாடிக்கு அசைத்துக் காட்டுமாம், அந்தத் துண்டுகளை ஒட்டிக் கதையாக்குவது இவள் வேலை. அண்டாவுக்குள் என்ன என்று இவள் எழுதவில்லை, அண்டா என்றால் கல்யாண வீட்டு அண்டா என்று அதுவாக நினைத்துக்கொண்டு ஆவி பறக்கப் பிரியாணி வைத்துவிட்டது, நீ தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டே ஊருக்கு வாரிக் கொடுக்கிறாய். எங்கப்பா வெள்ளத்திலும் சோறு போட்டார் என்று இவளும் பெருமையாக குரூப்பில் போட்டுவிட்டாள். அது உங்கள் மெஸ் வரைக்கும் வந்து, ஆளாளுக்குத் தட்டை நீட்டிக்கொண்டு “பிரியாணி மாமு, எனக்கு ஒரு லெக் பீஸு” என்றார்களாம், நீ சாப்பிடாமல் எழுந்து போனாயாம், தாமஸ் சொன்னான். அன்றைக்கு போன் பண்ணி, “இன்னொரு தபா இந்தப் பொம்ம வேல பண்ணினு இருந்த, செல்ல ஒடச்சிப் போட்ருவேன், மணலியில பில்லு போட்ற வேலைக்குப் போ” என்று அவளிடம் சொன்னதுதான் கடைசி.

நைனா, தப்பு அவள் மேல் இல்லை, என் மேல். அன்று சாயங்காலம் அந்தப் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு அழுதபடியே, “ஆயா, பிரியாணி இல்லனா அந்த அண்டால இன்னாதான் இருந்துச்சி” என்று கேட்டாள். முப்பத்தைந்து வருஷமாக நான் யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். அன்றைக்குக் காலையில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருந்தது, உங்கள் அப்பா துறைமுகத்தில் டபுள் டூட்டி, நான் ஒரு நாள் போகாவிட்டால் வேறு ஆளை வைத்துவிடுவார்கள் என்று பயந்து எட்டு மாதக் குழந்தை அம்முவை உன்னிடம் விட்டுவிட்டு நான் காசிமேட்டுக்கு இறால் உரிக்கப் போனேன். மத்தியானத்துக்குள் தண்ணீர் ஜன்னலைத் தொட்டுவிட்டது. நீ அம்முவை அண்டாவில் உட்கார வைத்து, ரேஷன் கார்டையும் உன் புத்தகத்தையும் அவள் காலடியில் வைத்து, அந்த அண்டாவை இழுத்துக்கொண்டே மேட்டு ரோடு வரை வந்தாய். விளிம்பு உயரம் என்பதால் போட்டோவில் குழந்தை தெரியவில்லை. என்னைப் பார்த்தபோது நீ அழக்கூட இல்லை. “கால்ல கல்லு தட்னா ரோடுமா, தட்லனா குட்ட, அப்டியே பாத்து பாத்து வந்துட்டேன்” என்றாய். அப்போது உன்னைக் கட்டிப்பிடித்து ஒரு முத்தம் கொடுத்திருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா, உனக்குத் தெரியும், “கொழந்தைய வுட்டுட்டு வேலைக்குப் போனேன்னு யார் கைலயும் சொல்லாத, உங்கப்பா கைல கூட சொல்லாத” என்றேன். நீ உன் அப்பா கண்ணை மூடுகிற வரைக்கும் சொல்லவில்லை. பவானியிடம் சொல்லவில்லை. அத்தனை பேர் தட்டை நீட்டிக் கேலி பண்ணியபோதும் வாயைத் திறக்கவில்லை.

இதைக் கேட்டு ஷாலு இரண்டு நாள் செல்லைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள், போலீஸ்காரர் கூட அப்படிக் கேட்கமாட்டார். அண்டாவை எந்தக் கையால் பிடித்திருந்தார், தண்ணீர் என்ன நிறம், ஆகாயத்தாமரை மிதந்ததா, அம்மு என்ன சட்டை போட்டிருந்தது. ஒரு நாளைக்கு மூன்று தடவைதான் அது இலவசமாகச் செய்து கொடுக்குமாம், தப்பாக வந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். முதலில் தண்ணீரைக் கடல் மாதிரி நீலமாகக் காட்டியது, நம் வெள்ளம் டீ நிறம் என்று நான் திருப்பி அனுப்பினேன். பிறகு உன் கையில் ஆறு விரல். பிறகு அண்டாவுக்குள் ஒரு குழந்தையை வைத்தது பார், பவுடர் டப்பா மேல் இருக்குமே அந்த மாதிரி வெள்ளை வெளேரென்று, இது எந்த ஊர் ராஜா வூட்டுக் கொழந்த என்று பவானி சிரித்தே விட்டாள். ஷாலு சிரிக்கவில்லை. அம்முவின் முதல் பிறந்தநாளுக்கு எடுத்த ஸ்டுடியோ போட்டோவைத் தேடிப்பிடித்துக் கொடுத்து, இந்த மூக்கு, இந்த நிறம், இந்தத் திருஷ்டிப் பொட்டு என்று ஒவ்வொன்றாக எழுதி நம் அம்முவையே உட்கார வைத்தாள். குரலும் அதுவே கொடுக்கும் என்றாள், கேட்டால் டிவியில் நியூஸ் வாசிக்கிற மாதிரி இருந்தது. “அதுக்கு நம்ம பாஷ வர்ல ஆயா, நீயே பேசு” என்று என்னைப் பேச வைத்தாள். நான் பேசும்போதெல்லாம் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும், மறுபடி முதலிலிருந்து. பதினேழு நாள் நைனா, மூன்று நிமிடப் படத்துக்கு. காலேஜும் ஒரு நாள் தவறவில்லை. நீ கப்பலுக்கு வெல்டிங் வைக்கும்போது ஒரு இழை கோணினாலும் தேய்த்துவிட்டு மறுபடி வைப்பாய் என்று தாமஸ் சொல்லுவான், அந்தக் குணம் அப்படியே இவளிடம் இருக்கிறது.

போன புதன்கிழமை சடையங்குப்பத்தில் ட்யூஷன் எடுக்கிற பீம்ராவ், மழைக்காலம் வருகிறதே என்று பிள்ளைகளையும் தாய்மார்களையும் கூட்டி வைத்திருந்தார், அங்கே சுவரில் வெள்ளை வேட்டி கட்டிக் காட்டினோம். அப்பாவைக் கேட்காமல் காட்டமாட்டேன் என்றுதான் ஷாலு சொன்னாள், இது என் தப்பைச் சொல்கிற படம், நான் சொல்லிக்கொள்கிறேன் என்று கூட்டிப்போனது நான், கோபம் இருந்தால் என் மேல் காட்டு. படத்தில் முதலில் என் குரல் நான் வேலைக்குப் போனதைச் சொல்கிறது, பிறகு நீ காலால் தடவித் தடவி வருகிறாய், கல் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கிறது, அண்டாவுக்குள் என்ன என்று கடைசி வரை காட்டவில்லை. மேட்டில் ஏறியதும் விளிம்பில் ஒரு சின்னக் கை வந்து பிடிக்கிறது, பின்னாலேயே திருஷ்டிப் பொட்டோடு அம்மு முகம் எட்டிப் பார்க்கிறது. அவ்வளவுதான் படம். பிறகு ஒரு சின்னப் பெண் தன் அம்மாவிடம், “நம்ம வூட்ல அண்டா கீதாமா” என்று கேட்டது. எந்தப் பக்கம் ரோடு, எந்தப் பக்கம் குட்டை என்று காட்டி அந்தத் தெருவுக்கும் ஒரு படம் செய்து தரச் சொல்லி பீம்ராவ் ஷாலுவிடம் கேட்டிருக்கிறார். அம்முவும் வொர்க்‌ஷாப்பில் பர்மிஷன் போட்டு வந்திருந்தாள், அவளுக்கும் அன்றுதான் தெரியும். “அண்ணனுக்கு அப்ப எத்தினி வயசுமா” என்றாள், ஒன்பது என்றேன், பஸ் வருகிற வரைக்கும் என் கையை விடவில்லை.

படம் தாமஸ் செல்லில் இருக்கிறது, இதைப் படித்து முடித்த பிறகுதான் காட்ட வேண்டும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். குரூப்பில் போடவில்லை, நீ சரி என்றால்தான் போடுவாள். யாரிடமும் சொல்லாதே என்று உன்னிடம் சொன்ன அந்த வார்த்தையை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் நைனா, இனி யாரிடம் வேண்டுமானாலும் சொல், மெஸ்ஸில் முதலில் சொல். ஷாலுவுக்கு போன் போடு, பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம், சாப்டியா என்று கேள், போதும், அவள் செல்லைத் தலையணை பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தூங்குகிறாள். பிரஷர் மாத்திரையை விடாதே. அண்டா பரணில் பத்திரமாக இருக்கிறது, அன்றிலிருந்து அதை நான் அடுப்பில் ஏற்றியதே இல்லை. தை மாதம் நீ லீவில் வா, அதில் பிரியாணி போட்டு இந்தத் தெருவுக்கே கொடுப்போம், அந்தப் படத்தில் வந்த மாதிரி நீயே வாரிக் கொடு.

நீ நோயில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், அன்றைக்குக் கொடுக்காத முத்தத்தோடு,

உன் அம்மா
கி. ரமாபாய்