ஆர்டியா என்று என்னிடம் ஏன் சொல்லவில்லை?

என் உயிர் மச்சான் மாணிக்கத்துக்கு,

நீ கண்ணை மூடி நாற்பது நாள் ஆகிறது. புஷ்பம் நன்றாக இருக்கிறாள் என்று எழுத ஆசைதான். என் தங்கை அழுவதை நிறுத்தியிருக்கிறாள், அவ்வளவுதான். உன் காரை விற்றுவிடச் சொல்கிறாள். வாசலில் அதைப் பார்க்கும்போதெல்லாம் நீ உள்ளே இருப்பதாகவே தோன்றுகிறதாம்.

அந்தக் காரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கோபத்தோடு எழுதுகிறேன், தெரிந்துகொள்.

காஜா பெராங் கோப்பிக்கடையில் ஞாயிறு காலைகளில் நாம் போட்ட சண்டை கொஞ்சமா? தொப்போலினோ என்பது செல்லப்பெயர், ஃபியட் ஐந்நூறு என்றுதான் சொல்லவேண்டும் என்று நீ ஒருநாள் தொண்டை கிழியக் கத்தினாய். ஊரே மெர்டேக்கா, சுதந்திரம் என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில், நம் ஆறு பேருக்கு இத்தாலியக் கார்களின் சரியான பெயர்தான் தலைபோகிற விஷயம். இத்தனைக்கும் கார் வைத்திருந்தது இரண்டே பேர். மற்றவர்களுக்குப் பழைய சஞ்சிகைப் படங்கள்தான்.

அப்போதுதான் நீ அந்தப் பழைய லான்சியா காரை வாங்கி வந்தாய். அதில் அப்ரிலியா மாடல் என்றாய். நம் ஆறு பேரில் ஒருவரான துணிக்கடை காதர் நானா அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "இது அப்ரிலியா இல்ல தம்பி. அதுக்குச் சின்னது, ஆர்டியா" என்றார்.

சந்தேகம் வந்தால் பானெட்டைத் திறந்து என்ஜினில் பொறித்த மாடல் எண்ணைப் பார்க்கலாம். ஆனால் காரின் சொந்தக்காரனுக்காக இன்னொருவன் எழுந்து நின்று வாக்குக் கொடுத்துவிட்டால், யாரும் பானெட்டைத் தொடக்கூடாது. எதிர்த்துப் பேசியவர் ஒரு வருடம் எந்தக் காரின் பெயரையும் சொல்லக்கூடாது. நாமே வைத்துக்கொண்ட சட்டம்.

நான் எழுந்தேன். யோசிக்கக்கூட இல்லை. "என் மச்சான் சொன்னா அது அப்ரிலியாதான். நானாவுக்குத் துணி அளக்கத்தான் தெரியும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும்தான் சிரித்தாய். நானா ஒரு வருடம் வாயைத் திறக்காமல் கோப்பி குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் நான் அவரோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

போன வாரம் கிளேபாங்கிலிருந்து ஒருவர் கார் பார்க்க வந்தார். அவருக்காக முதல்முறையாக பானெட்டைத் திறந்தேன். அப்ரிலியாவின் எண் எனக்கு மனப்பாடம். அது அங்கே இல்லை. ஆர்டியாவின் எண் இருந்தது.

அப்போதுகூட உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பாவம், உனக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைத்தேன். நேரே ஜாலான் பெண்டஹாராவுக்குப் போய் நானாவின் கடைப்படி ஏறினேன். "நீங்க சொன்னதுதான் சரி நானா. நானும் மச்சானும் தப்புப் பண்ணிட்டோம்" என்றேன்.

அவர் துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "மாணிக்கம் தம்பி அடுத்த வாரமே வந்து சொல்லிருச்சே. நம்பரைப் பாத்துச்சாம். கூட்டத்துல சொல்லிடுன்னேன். 'எனக்காக எழுந்து நின்ன மச்சான் முகத்துல எப்படி நானா முழிப்பேன்'னு கேட்டுச்சு. நானும் விட்டுட்டேன்."

இது நியாயமா மச்சான்? நான் எடுத்தெறிந்து பேசிய மனிதரிடம் உண்மையைச் சொல்ல உனக்கு வாய் வந்தது. உனக்காகப் பேசிய என்னிடம் வரவில்லையா? அதற்குப் பிறகும் ஞாயிறுதோறும் என் பக்கத்தில்தானே உட்கார்ந்தாய்? உன் அப்ரிலியாவைப் பற்றி நான் பீற்றிக்கொண்டபோதெல்லாம் மனதுக்குள் என்ன நினைத்தாய்? வீட்டில் தனியாகச் சொல்லியிருந்தால் உன்னைக் கடித்தா தின்றிருப்பேன்?

நானாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க தம்பி, தேத்தண்ணி குடிங்க" என்றார்.

வருகிற ஞாயிறு உன் காரைக் கோப்பிக்கடை முன்னால் நிறுத்தி பானெட்டைத் திறப்பேன். இதன் பெயர் ஆர்டியா என்று என் வாயாலேயே சொல்வேன். ஒரு வருடம் எந்தக் காரின் பெயரையும் சொல்லாமல் நானா பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மாணிக்கத்துக்கு இது தெரியுமா என்று கேட்பார்கள். கேட்காமல் இருப்பார்களா? நீ தெரிந்தே மறைத்தது புஷ்பத்தின் காதுக்குப் போகக்கூடாது. "மச்சானுக்குத் தெரியாது" என்று சொல்வேன். இது சத்தியம்.

உனக்காக இன்னொரு தடவை எழுந்து நிற்கப் போகிறேன், மச்சான். இந்தத் தடவை பொய் என்று தெரிந்தே.

இப்படிக்கு,
உன் புஷ்பத்தின் அண்ணன், உன் மச்சான்
துரைசாமி