அண்ணியின் ரசம்

1976 ஜூன் 14

மழை பிடித்துக்கொண்டது. கொழிஞ்சாம்பாறையிலேயே இப்படி என்றால் மூணாறில் எப்படிப் பெய்யுமோ. அங்கே மாமியாரிடம் விட்டுவந்த என் குழந்தை பொன்னுவுக்குக் கம்பளிச் சட்டை போட்டிருப்பார்களா? நான் நோயோடு இங்கே அண்ணன் வீட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பேச்சே சரியாக வராது. இப்போது பாட்டியிடம் கதை சொல்கிறாளாம். அவர் எழுதியிருந்தார். என்ன கதை என்று எழுதவில்லை.

காலையில் மறுபடியும் வயிற்றுப்போக்கு.

ஜூன் 20

ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டேன்.

கோயமுத்தூர் டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். "கோதுமையில ஒரு பசை இருக்கும்மா. அது உங்க குடலுக்கு ஆகலை. கோதுமை, மைதா, ரவை எதுவும் வாயில படக் கூடாது. நிறுத்தினா தேறிடுவீங்க." பொங்கலிலிருந்து நிறுத்திவிட்டேன். சப்பாத்தி இல்லை, பிஸ்கட் இல்லை, பன் இல்லை. மாசியில் கொஞ்சம் தேறினேன். அதோடு நின்றுபோயிற்று. தெரியாமல் எதையோ சாப்பிடுகிறேனா? இல்லை, இது வேறு நோயா?

அண்ணி பத்தியச் சாப்பாடுதான் போடுகிறாள். சோறு, ரசம், மோர். சொந்த அக்காள்கூட இப்படிப் பார்க்க மாட்டாள்.

ஜூலை 9

மில்லில் கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே அரிசியும் அரைக்கிறார்கள் என்பது இன்றுதான் உறைத்தது. இதுதான், இதேதான். இனி வீட்டுக் கல்லில் அரைத்துக்கொள்கிறேன் என்றேன். "நீ எங்கே கண்ணு கல்லைச் சுத்தறது, தள்ளு" என்று அண்ணியே உட்கார்ந்துகொண்டாள்.

ஜூலை 30

கல்லில் அரைத்தும் பயனில்லை.

ஆகஸ்ட் 2

ஆடி பதினெட்டு. எல்லோரும் ஆற்றுக்குப் போனார்கள். நான் படுத்திருந்தேன்.

செப்டம்பர் 12

அவர் வந்தார். எஸ்டேட் பாக்டரி ஆபீசில் லீவு கிடைப்பதே கஷ்டம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் பின்னால் சின்னச் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினேன். இல்லை.

"பாப்பாவைக் கூட்டிட்டு வந்திருக்கலாமுங்களே."

"மலை இறங்கறதுக்குள்ள வாந்தி எடுக்குது. எப்படிக் கூட்டிட்டு வர்றது?"

சாப்பிட்டார். வெற்றிலை போட்டார். மாமரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அம்மா அவங்கக்கா பொண்ணைப் பத்திப் பேசறாங்க. பிள்ளையைப் பார்க்க ஒரு ஆள் வேணுமாமா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலை. தை வரைக்கும் பார்க்கலாம்னேன்."

ஒண்ணும் சொல்லலையாம். வேண்டாம்னு ஒரு வார்த்தை, அது வாயில வரலையா? நானென்ன வேணும்னா இங்க வந்து கெடக்கறேன்? கிளம்பும்போது என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. அவர் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்த பிறகு கோபப்படவும் முடியவில்லை.

அக்டோபர் 5

அண்ணி தன் தங்கையின் பிரசவத்துக்குப் பொள்ளாச்சி போயிருக்கிறாள். அண்ணனுக்குத் தோட்டத்தில் கூழே போதும். எனக்கு மட்டும் என்ன பெரிய சமையல்? சோறும் தயிரும், உப்புப் போட்டு வேகவைத்த கீரையும்.

அக்டோபர் 19

வயிறு சத்தமே இல்லாமல் இருக்கிறது. எழுதவே பயமாயிருக்கிறது. நேற்று கிணற்றடி வரை போய் நானே தண்ணீர் சேந்தினேன்.

அக்டோபர் 27

அண்ணி வந்துவிட்டாள். வந்த கையோடு ரசம் வைத்தாள். மூன்றாம் நாளே பழையபடி ஆயிற்று.

எப்படிச் சொல்வது? சொல்லித்தான் விட்டேன். "அண்ணி, உங்க ரசத்துல என்னமோ ஒண்ணு எனக்கு ஆகலைங்க."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் என்ன வெசமா வெக்கறேன்?" தட்டை மட்டும் என் முன்னால் நகர்த்தினாள். பெற்றவள் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு போட்டவள். அவளையும் இழந்துவிட்டேனா?

நவம்பர் 8

புளி, மிளகு, சீரகம், மல்லி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தாயிற்று. ஒன்றும் செய்யவில்லை. மிஞ்சியது பெருங்காயம். அதுவா? வயிற்றுக்கு மருந்தே அதுதானே?

ஒரு கட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். மேலே மஞ்சளாகத் தெளிந்து, அடியில் வெள்ளையாகப் படிந்தது. விரலில் தேய்த்தேன். அடுப்பில் வைத்துக் கிளறினேன். சுவரொட்டி ஒட்டுகிற பசை மாதிரி திரண்டுவிட்டது.

நவம்பர் 9

மளிகைக் கடை பாஸ்கலிடம் கேட்டேன். அவருக்கு இது ஒரு செய்தியே இல்லை. "பின்னே? கலப்பில்லாத பால் காயத்தை அப்படியே போட்டா கைப்பு தாங்காதம்மா. மைதாவும் கோந்தும் சேர்த்துப் பிசைஞ்சுதான் கட்டி ஆக்கறது. எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க."

யாரும் ஏமாற்றவில்லை. யாரும் மறைக்கவுமில்லை. எனக்குத்தான் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். வாளியைக் கீழே வைத்தாள். "வகுத்துக்கு நல்லதுன்னுதானே உனக்குன்னு ஒரு துண்டு சேர்த்தியே போட்டேன் கண்ணு" என்றாள். என் தோளில் தலையை வைத்து அழுதாள். நானும் அழுதேன். என் நோவு கூடக்கூட அவள் பெருங்காயத்தையும் கூட்டியிருக்கிறாள். அன்பிலேதான்.

நவம்பர் 30

காயம் இல்லாத ரசம். அண்ணியும் அண்ணனும்கூட அதையே சாப்பிடுகிறார்கள். அண்ணன் முகத்தைச் சுளித்ததற்கு, "தின்னா தின்னுங்க" என்றாள் அண்ணி.

டிசம்பர் 21

வளையல் மணிக்கட்டிலேயே நிற்கிறது. டாக்டர் எடை பார்த்துவிட்டுச் சிரித்தார். பெருங்காயத்தைச் சொன்னேன். "இதை இனி வர்றவங்ககிட்ட எல்லாம் கேக்கணும்" என்றார்.

மூணாறு போகத் தை பிறக்கட்டும் என்றார் அண்ணன். எனக்குப் பொறுக்கவில்லை. பொன்னுவின் காது எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. பெற்ற பிள்ளையின் காது மறந்துபோகுமா?

1977 ஜனவரி 6

உடுமலை வழியாகப் பஸ்ஸில் மூணாறு வந்து சேர்ந்தேன். அவர் ஸ்டாண்டிலேயே நின்றிருந்தார். அத்தை வாசலில் என்னை மேலும் கீழும் பார்த்து, "தேறித்தான் இருக்கே" என்றார். பொன்னு அத்தையின் சேலைக்குள் புகுந்துகொண்டாள். கூப்பிட்டேன். வரவில்லை. "யாரு அது?" என்று பாட்டியைக் கேட்டாள்.

ஜனவரி 10

அத்தை என் பங்கை எடுத்து வைத்த பிறகுதான் சாம்பாரில் காயம் போடுகிறார். அக்காள் பெண் பேச்சு எழவில்லை. பொன்னு இன்னும் தூரத்திலிருந்துதான் பார்க்கிறாள்.

ஜனவரி 17

காலையில் பொன்னு அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றாள்.

"நீ எப்ப உங்கூருக்குப் போவே?"

"போக மாட்டேன்."

கையிலிருந்த ரிப்பனை நீட்டி, "அப்படின்னா நீயே பின்னிடு" என்று திரும்பி உட்கார்ந்தாள்.

வகிடு கோணலாகப் போய்விட்டது. அவள் அசையாமல் இருந்தாள்.