பாறைக்கு முன்னால் ஆடிய சுண்டுவிரல்

புது ஸ்பிரிங் பட்டைகள் வாசலில் கிடக்கின்றன. உள்ளே காயும் பூண்டின் நெடியையும் மீறி அவற்றின் கறுப்புப் பெயிண்டு வாசனை வீட்டுக்குள் வருகிறது. உன் மகள் வத்தலக்குண்டில் வாங்கி வந்தாள். நாம் கூட்டாக வாங்கிய பழைய ஜீப்பின் அடியில் இவற்றை மாட்டி அதை உயரமாக்க வேண்டுமாம். நீ கடைசிவரை கேட்டதுதான்.

பூண்டுக் காட்டுக்குப் போகும் வழியில் துருத்தி நிற்கும் அந்தப் பாறை வந்ததும், வண்டியின் அடி இடிக்காமலிருக்க ஆட்கள் இறங்கிவிடுவார்கள். நீ முன்னால் போய் நின்று கை காட்டுவாய். இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டுமென்றால் சுண்டுவிரல் மட்டும் ஆடும். நான் ஓட்டிக் கடந்ததும் மறுபடி ஏறுவார்கள். உனக்கு அது அவமானம். "ஜீப்பு வச்சிருக்கோம்னு பேருதான் மச்சான். எறங்கி நடந்துல்ல போறோம். பட்டையை மாத்தி ஏத்திருவோம்" என்பாய்.

நான் மறுத்தேன். வண்டியைப் பிரித்துப் பிரித்து நானே கற்றவன். உயர்த்தினால் பாறை இடிக்காது, சரி. பூண்டு மூட்டைகளோடு அந்தச் சரிவில் வரும்போது கவிழ்ந்துவிடும். களையெடுக்க வரும் பெண்கள் எப்படி ஏறுவார்கள் என்றும் கேட்டேன். பின்னாலிருந்து உன் மனைவி, "யானைன்னாலும் மண்டி போட்டு ஏத்திக்கிரும். இது போடுமா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "ஒனக்குப் பயம்" என்றாய், அத்தனை பேர் முன்னால். அந்தச் சொல்லை நீ திரும்பப் பெறவே இல்லை.

நீ இறந்துபோன பிறகு வண்டியின் அடிப்பக்கம் பாறையில் இடிக்கத் தொடங்கியது. "அப்பா கை காட்டுனாரு, நீங்க ஓட்டுனீங்க. இப்ப யாரு இருக்கா? ஏத்திருவோம் மாமா" என்றாள் உன் மகள். அவள் கேட்டதில் தவறில்லை.

இன்று காலை பாறையருகே வண்டியை நிறுத்தி நான் இறங்கினேன்.

"நீ ஓட்டும்மா."

"ஸ்டியரிங்க யாருக்கும் விட மாட்டீங்களே மாமா. மேலுக்குச் சொகமில்லையா?"

"வெரசா எடு."

முன்னால் போய் நின்றேன். எங்கே திருப்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதைக் காட்டத்தான் தெரியவில்லை. கை தானாக எழுந்தது. சுண்டுவிரல் ஆடியது. வண்டியில் வரும்போதெல்லாம் உன்னைப் பார்த்து அவளுக்கு அது பழகிய விரல், உடனே திருப்பினாள். வண்டி இடிக்காமல் கடந்தது. இறங்கி நின்ற பெண்கள் ஏறிக்கொண்டார்கள்.

பட்டைகள் நாளை கடைக்கே திரும்பிப் போகின்றன. இனி அவள் ஓட்டட்டும், நான் முன்னால் நிற்கிறேன். விரல் உன்னுடையதுதான். அதற்காக எனக்குப் பயம் என்று நீ சொன்னது சரியாகிவிடாது.