ஜெயந்தனின் கணினி எழும்பவில்லை

12.01.2026

சாப்பிடும்போது யதுர்ஷிகா கேட்டாள்: "அம்மா, அப்பா எப்பிடிக் கதைப்பார்? எனக்கு மறந்து போச்சு." ஜெயந்தன் சாகும்போது பிள்ளைக்கு ஆறு வயது. அவரைப் போலக் கதைத்துக் காட்டப் பார்த்தேன். பகிடி பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

அவருடைய ஃபோனைக் கார்த்திகை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. குரல் இருப்பது பழைய கணினியில் மட்டும். அதை மேசைக்கு மேல் ஏற்றி வைத்துவிட்டுத்தான் அன்றைக்கு நானும் பிள்ளையும் முதலில் வெளிக்கிட்டோம். ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. ஆனாலும் இன்று போட்டால் கறுப்புத் திரையில் ஓர் ஆங்கில வரி, அவ்வளவுதான். ஏன்?

13.01

பரந்தனில் ஃபோன் கடை வைத்திருக்கும் திலீபனிடம் கேட்டேன். "பயப்பிடாதேங்கோ அக்கா. அவசரத்துக்கு ஒரு ஸ்டார்ட்டப் டிஸ்க் செய்யுங்கோ. அதைப் போட்டா கொம்பியூட்டர் தன்ர டிஸ்க்கைத் தொடாமலே எழும்பும். பிறகு உள்ளுக்கு இருக்கிறதை எடுக்கலாம்."

தன் டிஸ்க்கைத் தொடாமல் எப்படி எழும்பும்? விளங்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

15.01

பொங்கல். கணினியை நினைக்கவே இல்லை. — பொய்.

17.01

திலீபன் அனுப்பிய வீடியோவைப் பார்த்துப் பார்த்து, நான் படிப்பிக்கும் முன்பள்ளியின் லாப்டொப்பில் வைத்து, ஒரு பென்டிரைவை ஸ்டார்ட்டப் டிஸ்க் ஆக்கினேன். பழசு அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "அது பழைய மெசின் அக்கா, சீடிதான் வேணும்" என்கிறான். இதை முதலே சொன்னால் என்ன?

பள்ளிக்கூடத்தில் யதுவின் பிறப்புச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். கதவோரம் தொங்கும் பையை இறக்கி மாமாவே எடுத்துத் தந்தார். ஓட வேண்டி வந்தால் தூக்குகிற பை. இங்கே எல்லா வீட்டிலும் உள்ளதுதான். எங்கள் வீட்டில் மாமாவைத் தவிர யாரும் அதற்குள் கை விடக் கூடாது. மகன் ஜெயந்தன் போன பிறகு இன்னும் மோசம்.

20.01

திலீபன் சீடி எழுதித் தந்தான். எழும்பிவிட்டது! படம், அம்புக்குறி எல்லாம் வந்தது. ஆனால் ஜெயந்தனின் டிஸ்க் காட்ட வேண்டிய இடம் வெறுமை. எழும்புது, ஆனா உள்ளுக்கு ஒண்டும் இல்லை. நான்தான் அழிச்சுப் போட்டனோ? எதை அமத்தினனான்? ஐயோ, பிள்ளைக்கு என்னெண்டு சொல்லுவன்?

21.01

திலீபன் வந்து பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே வயர்கள் சும்மா தொங்கின. "அக்கா, ஹார்ட் டிஸ்க்கே இல்லை! நீங்கள் இவ்வளவு நாளும் எதை எழுப்பினனீங்கள்?"

கதிரையில் இருந்த மாமா எட்டிப் பார்த்தார். "அதையோ தேடுறியள்? அது பைக்குள்ள கிடக்கு."

கதவோரம் தொங்கிய பையைத் திரும்பிப் பார்த்தேன்.

"வெள்ளம் வரேக்க கழட்டினனான். ஓட வேண்டி வந்தா பெட்டியை விட்டிட்டு இதை எடுங்கோ அப்பா எண்டு, வாங்கின அண்டைக்கே ஜெயந்தன் காட்டித் தந்தவன். காணிப் பெர்மிட்டுக்குப் பக்கத்தில வச்சனான்."

"ஏன் மாமா சொல்லேல்லை?"

"என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லையே."

கோபமா, அழுகையா, சிரிப்பா? எனக்கே தெரியவில்லை. திலீபன் மட்டும் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தான்.

22.01

இருந்தது. திலீபன் பூட்டித் தந்த டிஸ்க்கில், மைக் வாங்கிய நாளில் ஜெயந்தன் சோதித்துப் பார்த்த பதிவு. "கௌசலா, கேக்குதோ? குசினிக்க கேக்குதோ?" அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நான் ஏன் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை? என்ன வேலையில் நின்றேன்?

யது திரும்பத் திரும்பப் போட்டாள். மாமா நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இருக்க முடியாமல் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனேன். அங்கேயும் கேட்டது.

"ஓம், கேக்குது" என்று சொல்லிவிட்டேன்.

25.01

டிஸ்க்கைத் திரும்பவும் பைக்குள் வைக்க வேண்டும் என்றார் மாமா. அது கணினியிலேயே இருக்கட்டும் என்றேன். பென்டிரைவில் இருந்ததையெல்லாம் அழித்து, அந்தக் குரலை ஏற்றிக் கொடுத்தேன். பொலித்தீனில் சுற்றி, பெர்மிட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

பிறகு என்னையும் யதுவையும் கூப்பிட்டு, பைக்குள் கை விட்டுப் பார்க்கச் சொன்னார்.