அன்றைக்கு நீ கேட்காத ஸ்கோர்

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இன்னமும் அரிசியை இரண்டு பேருக்குத்தான் அளக்கிறேன். டிவியில் மேட்ச் ஓடினால் சத்தத்தைக் குறைத்துவிடுகிறேன். வர்ணனை சொல்கிறவர்களைத் திட்டுவதற்கு நீ இல்லாமல் அவர்கள் பேச்சைக் கேட்டு என்ன செய்ய?

போன வாரம் கிளப் செயலாளர் செல்வம் பழங்காநத்தம் வீட்டுக்கு வந்திருந்தார். கீழக்குயில்குடி பக்கத்து மைதானத்தில் புதுக் கட்டடம் கட்டியிருக்கிறார்களாம். உள்ளே இரண்டு பலகை. ஒன்றில் கேப்டன்கள் பெயர், இன்னொன்றில் சதம் அடித்தவர்கள் பெயர். "அண்ணன் பேரு ரெண்டுலயும் வருதுக்கா. பழைய ஸ்கோர் புக் இருந்தாக் குடுங்க, எதுத்த டீமு பேரச் சரியா எழுதணும்" என்றார். தேடி வைக்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாதா?

ஏழு வருஷம் கேப்டன். மாநில அணிக்கு மூன்றே மூன்று ஆட்டம், அதிலும் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. உள்ளூரில் தொண்ணூறைத் தாண்டி நாலு தடவை அவுட். "உனக்கு நூறு, நாய்க்குக் கெடச்ச முழுத்தேங்கா" என்று நான் கேலி செய்தால் நீயும் சேர்ந்து சிரிப்பாய்.

கல்யாணம் நிலைக்காமல் நான் திரும்பி வந்தபோது, மூலையில் உட்காரவிடாமல் ஸ்கோர் புக்கைக் கையில் கொடுத்தவன் நீ. "கணக்குல நீ கெட்டிக்காரி, வா" என்றாய். ஊர் என்னென்னவோ பேசியது, நீ காதிலேயே வாங்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் பேடைக் கழற்றிக்கொண்டே கேட்பாய்: "எம்புட்டு, தனம்?" உன் ஸ்கோர் உனக்கே தெரிந்திருந்தாலும் என் வாயால் ஒருமுறை கேட்கவேண்டும்.

பலகையில் ஏறப்போகிற அந்த ஆட்டத்தில் நீ தொண்ணூற்றொன்பது. பந்து உன் பேடில் பட்டுப் பின்னால் ஓடியது, ஒரு ரன் ஓடினீர்கள். அம்பயர் முட்டியைத் தூக்கித் தட்டிக் காட்டினார். லெக் பை. அணிக்கு உண்டு, உனக்குக் கிடையாது. புரிந்தது என்று கையைத் தூக்கினேன். அந்தக் கை இறங்குவதற்குள் இன்னொரு கை உன் பெயருக்கு நேரே ஒன்று போட்டுவிட்டது. "நூறு" என்று நானே சத்தமாகச் சொன்னேன். எதிரணி ஸ்கோரரைக் கூட்டி வரவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

நீ மட்டையைத் தூக்கவில்லை. அம்பயரைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். அடுத்த ஓவரில், இல்லாத ரன்னுக்கு ஓடி ரன் அவுட் ஆனாய். நிதானத்துக்குப் பெயர் வாங்கிய ஆள் நீ. "நூறு அடிச்சாச்சு, அப்பறம் என்னத்துக்குண்ணே இம்புட்டு அவசரம்?" என்று பையன்கள் சிரித்தார்கள். என்ன அவசரமென்று எனக்கு மட்டும் தெரியும். அந்த ரன் கிடைத்திருந்தால் நீ நிஜமாகவே நூறு அடித்தவன் ஆகியிருப்பாய், என் பொய்யும் பொய்யில்லாமல் போயிருக்கும்.

அன்று சாயங்காலம் மட்டும் "எம்புட்டு, தனம்?" என்று நீ கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒருநாளும் அதைப் பேசவில்லை. யாராவது உன் சதத்தைப் பற்றி ஆரம்பித்தால், மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விடுவாய். அந்த ரன்னுக்கு ஓடியது உனக்காகவா அண்ணே, என் மானத்துக்காகவா? கேட்டிருக்கலாம். பயமாக இருந்தது. கேட்காமலே உன்னை அனுப்பிவிட்டேன்.

நேற்று செல்வத்தை வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டார்.

"இம்புட்டு வருசம் கழிச்சு யாருக்கா பாக்கப் போறா? விடுங்க."

"எங்க அண்ணன் பாத்துச்சுப்பா" என்றேன்.

அவர் முன்னாலேயே உன் பெயருக்கு நேரே இருந்த அந்த ஒன்றை அடித்து, உதிரி ரன்களில் எழுதினேன். அணியின் மொத்தத்தில் எதுவும் குறையவில்லை. உன் பெயர் இனி ஒரே பலகையில்தான் இருக்கும். கோபமா? கோபமென்றால் கனவிலாவது வந்து திட்டு. வீட்டில் ஒரு பேச்சுச் சத்தம் கேட்டு நாளாகிறது.

பலகை திறக்கும் அன்றைக்குத் தனியாகத்தான் பஸ் ஏறிப் போவேன். உன் சதத்தைப் பற்றி யார் கேட்டாலும் வாய் குழறாமல் உள்ளதைச் சொல்வேன், இது சத்தியம். முதலில் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூத்தொம்போதுண்ணே. ரன் அவுட்.

உன் தங்கச்சி,
உன் ஸ்கோரர்,
தனம்